பார்சல் நேராக வாசலுக்கு வர, முகவரியை இப்படிப் பதிவு செய்யுங்கள்

டெலிவரிக்கு வருகிறவர் ஒவ்வொரு முறையும் போன் போட்டு வழி கேட்கிறார் என்றால், பெரும்பாலும் கோளாறு ஆப்பில் பதிந்து வைத்திருக்கும் முகவரியில்தான். ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை. சென்னையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கதவு எண். இங்கே பல தெருக்களில் பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் உண்டு. வெறும் 14 என்று போட்டால் பார்சல் இரண்டில் எந்த 14-க்கும் போகலாம். 'புதிய எண் 14, பழைய எண் 31, இரண்டாவது மாடி' என்று முழுசாக எழுதுங்கள். அடையாளத்துக்குக் கோயில், பள்ளிக்கூடம் போதும். மொபைல் கடை, பேக்கரி வேண்டாம், அவை அடிக்கடி பெயர் மாறும்.

அடுத்தது மேப்பில் பின் (வீடு இருக்கும் இடத்தைக் காட்டும் குறி) வைப்பது. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டியில் வருகிறவர் பார்ப்பது மேப்பைத்தான். முகவரியை அடித்ததும் ஆப் தானாக வைக்கும் பின் பல நேரம் தெருவின் நடுவிலோ அடுத்த தெருவிலோ விழும். வீட்டுக்குள் இருந்தபடி 'தற்போதைய இருப்பிடம்' அழுத்தினாலும் ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளிக் காட்டும். கேட்டுக்கு வெளியே வந்து, நீலப் புள்ளி ஆடாமல் நிற்கும்வரை பொறுத்து அழுத்துங்கள். பிறகு கூகுள் மேப்பின் சேட்டிலைட் காட்சியில் உங்கள் மொட்டை மாடியைக் கண்டுபிடித்து, ஆப்பில் பின்னை கேட்டுக்கு முன்னால், தெருப் பக்கமாக நகர்த்துங்கள். வீட்டின் நடுவில் வைத்தால், பின்பக்கத் தெரு நெருக்கமாக இருக்கும்போது மேப் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் கொண்டுவந்திருக்கிறது. நாட்டையே கட்டங்களாகப் பிரித்து, ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு. நல்ல ஏற்பாடு, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த மாடி என்று அது சொல்லாது. இன்றைக்கு நான் நம்புவது மேப் பின்னைத்தான்.

பகலில் வீட்டில் ஆள் இல்லையா? 'கீழ்வீட்டில் கொடுக்கவும்' என்று டெலிவரி குறிப்பில் எழுதுங்கள். கீழ்வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் ஓடிபி பற்றிக் கேட்டிருந்தார்கள். முகவரியில் அப்பாவின் எண்ணைக் கொடுங்கள், வழி கேட்கிற போன் அவருக்குப் போகும். ஓடிபி மட்டும் சில ஆப்களில் உங்கள் எண்ணுக்கே வரும் என்பதால், பார்சல் வருகிற அன்று போனைக் கையிலேயே வைத்திருங்கள். பெட்டியில் பெயரைப் பார்த்து வாங்கிய பிறகே ஓடிபி சொல்ல வேண்டும். ஆர்டரே போடாத பார்சலை 'கேன்சல் செய்ய ஓடிபி சொல்லுங்கள்' என்று யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.