இரண்டு ஷேடில் எதை அடிப்பது?

வீட்டுச் சுவருக்கு இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு எதை அடிப்பது என்று யார் கேட்டாலும், முதலில் ஷேட் கார்டை, அதாவது பெயிண்ட் நிறங்களின் மாதிரி அட்டையை, மூடி வைக்கச் சொல்வேன். விரலகலத் துண்டில் இதமாகத் தெரியும் மஞ்சள், நாலு சுவரிலும் ஏறியதும் கண்ணைக் கூசவைக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை ஒன்றின் மேல் வீசுகின்றன. பெயிண்ட் அடித்த எந்த அறையிலும் மூலையை உற்றுப் பாருங்கள், அதே நிறம் அங்கே அழுத்தமாகத் தெரியும்.

இரண்டு ஷேடிலும் சாம்பிள் வாங்கி, வெள்ளை பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பெரிய அட்டைகளில் ரோலரால் இரண்டு கோட் கொடுங்கள். ஓரத்தில் வெள்ளை விளிம்பு இருக்கட்டும். நேராகச் சுவரில் பூசினால் பழைய நிறம் குறுக்கே வரும். நீலச் சுவரில் தீற்றிய க்ரீம், உள்ளதைவிட மஞ்சளாகத்தான் தெரியும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. காய்ந்ததும் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) பெரும்பாலும் கொஞ்சம் அடர்ந்துவிடும். பளபளப்பில்லாத மேட்டோ, மெல்லிய பளபளப்புள்ள சாட்டினோ, இரண்டு சாம்பிளும் ஒரே பினிஷில் இருக்க வேண்டும்.

காய்ந்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இரண்டுமே வெறும் சாம்பல் என்று நினைத்திருப்போம். ஒன்றில் பச்சை எட்டிப் பார்க்கும், மற்றதில் ஊதா. அந்தச் சாயல் உங்கள் தரையோடும் திரைச்சீலையோடும் ஒத்துப்போகிறதா என்று அப்போதே பாருங்கள்.

ஆனால் சேர்த்து வைப்பது வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான். முடிவெடுக்கும்போது பிரித்துவிடுங்கள். அருகருகே இருந்தால் ஒன்று மற்றதை வெளிறவைக்கும், இல்லையென்றால் அழுக்காகக் காட்டும். அறையில் கடைசியில் இருக்கப்போவது ஒன்றுதானே? ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது. படுக்கப்போடாமல் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும், ஜன்னல் இருக்கும் சுவரிலும் மாற்றி வைத்துப் பாருங்கள்.

காலையில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, விளக்குப் போட்டபின் ஒருமுறை. பல்ப் பெட்டியில் 2700 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் ஒளி, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பகலில் ஒன்றுபோலவே தெரிந்த இரண்டு நிறங்கள் இரவு விளக்கில் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதும் உண்டு. படுக்கையறை என்றால் விளக்கொளியில் தெரிவதற்கே என் ஓட்டு. அங்கே நாம் கண் விழித்திருப்பது பெரும்பாலும் இரவில்தான்.

வெளிச்சம் குறைந்த அறைக்கு எல்ஆர்வி எண்ணையும் பாருங்கள். ஒளியை எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு அது. 0 கறுப்பு, 100 வெள்ளை. எண் கூடினால் அறை வெளிச்சமாகும் என்பது சரிதான். அதற்காக இருட்டறைக்கு வெள்ளையை மட்டுமே யோசிக்காதீர்கள். ஒளி போதாத இடத்தில் வெள்ளை சோகையாகிவிடும். கொஞ்சம் நிறமுள்ளதே அங்கே உயிரோடு இருக்கும்.

தேர்ந்தெடுத்த அட்டையின் பின்னால் ஷேட் எண்ணையும் பினிஷையும் எழுதி வையுங்கள். பிறகு எப்போதாவது ஒரு சுவரை மட்டும் சரிசெய்ய நேர்ந்தால் தேடவேண்டி இருக்காது.