சட்டம் மாறும்வரை ஒருபாலினத் துணைவர்கள் செய்து வைக்க வேண்டியவை

ஒருபாலினத் திருமணத்தை இலங்கைச் சட்டம் ஏற்கவில்லை. ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னரும் வாதம் நீள்கிறது. ஆகவே திருகோணமலையில் இணைந்து வாழும் இருவர் முதலில் மரணசாசனம் எழுத வேண்டும். உவர்மலையில் இருவர் பெயரிலும் உறுதி முடித்த வீடென்றாலும், சாசனமின்றி ஒருவர் மறைந்தால் அவருடைய பங்கு அவரது இரத்த உறவினருக்கே போகும். கூடவே வாழ்ந்தவர் அலமாரிச் சாவியையும் கையளித்துவிட்டு நிற்க நேர்வது பெருங்கொடுமை. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அவரில்லாவிடின் ஐந்து சாட்சிகளோடு கையொப்பமிடுங்கள், பயன்பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்கள் சார்பில் செயற்படத் துணைவருக்கு அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவமும் உதவும், ஆனால் அது மரணத்தோடு முடிந்துவிடும். மருத்துவமனையில் அவசரத் தொடர்புக்குரியவராகத் துணைவரின் பெயரையே கொடுங்கள்.