கிளினிக்குக்கு ஆன்லைன் புக்கிங், நோயாளி ரிவ்யூ: எதை முதலில் செய்வது?

ஒரு ஸ்டார் ரிவ்யூக்களை வரிசையாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். சிகிச்சையைப் பற்றிய குறையோடு, "பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள்", "ஃபோனை எடுக்கவே இல்லை" என்ற குறைகளும் திரும்பத் திரும்ப வரும். இந்த இரண்டும் புக்கிங்கில் பிறக்கிற குறைகள். அதனால் ரிவ்யூ கேட்கிற வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் அட்டவணையைச் சரி செய்யாமல் ரிவ்யூ கேட்டால், காத்திருந்து சலித்தவர்களிடமே போய்க் கேட்டதாகிவிடும்.

1. ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள்

கூகுள் மேப்ஸில் கிளினிக்கின் பெயர், பழைய பெயர் இருந்தால் அது, டாக்டரின் பெயர், ஃபோன் எண் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே ஒரு பக்கம் உருவாகி, அதில் ரிவ்யூக்களும் சேர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் அதையே உரிமை கோருங்கள், அதாவது இது எங்கள் கிளினிக்கின் பக்கம் என்று கூகுளிடம் பதிவு செய்யுங்கள். புதிதாக இன்னொன்று தொடங்கினால் ரிவ்யூக்கள் இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கும், வருபவர்களும் குழம்புவார்கள்.

உரிமை கோரும்போது கிளினிக்கின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் இருப்பவரின் சொந்தக் கணக்கிலோ விளம்பர ஏஜென்சியின் கணக்கிலோ தொடங்கினால், அவர்கள் விலகும் நாளில் பக்கமும் அவர்களோடு போய்விடும். உரிமையாளர் கிளினிக், மற்றவர்கள் மேனேஜர்கள் என்று வையுங்கள்.

சரிபார்ப்புக்கு கூகுள் வீடியோ கேட்கலாம். வெளியே தெரு, பெயர்ப்பலகை, கதவைத் திறந்து உள்ளே போவது, உபகரணங்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக, வெட்டாமல் இருக்க வேண்டும். நோயாளிகளின் முகமோ ஃபைலோ படத்தில் விழக்கூடாது. கிளினிக் திறப்பதற்கு முன் எடுப்பதே நல்லது.

பெயர், பெயர்ப்பலகையில் இருப்பது போலவே இருக்கட்டும். "நம்பர் ஒன்", "சிறந்த" என்றெல்லாம் பெயரோடு சேர்த்தால் பக்கம் முடக்கப்படலாம். நேரத்தைப் போடும்போது கட்டடம் திறந்திருக்கும் நேரத்தைப் போடாதீர்கள், டாக்டர் பார்க்கும் நேரத்தைப் போடுங்கள். மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் குறி கிளினிக் வாசலில்தான் நிற்கிறதா என்று ஒருமுறை நடந்தே போய்ப் பாருங்கள். அந்தக் குறி பக்கத்துத் தெருவில் விழுந்திருந்தால் நோயாளி தாமதமாக வருவார், அன்றைய வரிசை முழுவதும் சரியும்.

2. ஸ்லாட் (ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம்) நீளத்தை அளந்து முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும்விட இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒரு வாரம் முழுக்க, ஒவ்வொரு நோயாளியும் அறைக்குள் போகும் நேரத்தையும் அடுத்தவர் உள்ளே போகும் நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். நடுவில் பிரிஸ்கிரிப்ஷன் எழுதுவது, கை கழுவுவது, ஃபோனில் பேசுவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். டாக்டர் 3 மணி நேரம் பார்க்கிறார். ஸ்லாட் 10 நிமிடம் என்று வைத்து 18 பேருக்கு நேரம் கொடுத்தாகிவிட்டது. தாளில் குறித்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி 14 நிமிடம். ஒவ்வொருவரிடமும் 4 நிமிடம் சரிகிறது. கடைசி நோயாளிக்கு முன்னால் 17 பேர். 17 × 4 = 68 நிமிடம். யாரும் தாமதமாக வராமல், அவசரக் கேஸ் ஒன்றுகூட வராமல், எல்லாம் ஒழுங்காக நடந்த நாளிலேயே அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறார். இந்தத் தாமதம் அட்டவணை போடும்போதே அதில் எழுதப்பட்டுவிட்டது.

ஸ்லாட்டை 15 நிமிடமாக மாற்றினால் 3 மணி நேரத்தில் 12 ஸ்லாட். அதில் 5-வதையும் 10-வதையும் ஆன்லைனில் திறக்காதீர்கள். முன்னால் சேர்ந்த தாமதம் அங்கே கரையும், அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வரும் அவசர நோயாளிக்கும் அங்கே இடம் இருக்கும். "அப்படியானால் வெறும் 10 பேர்தானா?" என்று தோன்றும். 18 பேருக்கு 14 நிமிடம் வீதம் 252 நிமிடம், அதாவது 4 மணி 12 நிமிடம் ஆகும். அவர்கள் ஒருபோதும் 3 மணி நேரத்தில் அடங்கியதில்லை. 18 பேரையும் பார்க்க வேண்டுமென்றால் நேரத்தை நீட்டி, நீட்டிய நேரத்தையே வெளியிடுங்கள்.

புது நோயாளிக்கும் ஃபாலோ-அப்புக்கும் ஆகும் நேரம் வெகுவாக வேறுபட்டால், சாஃப்ட்வேரில் இரண்டு தனி வகைகளாக வையுங்கள்.

3. புக்கிங் தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

பிராக்டோ, ஜாக்டாக், டாக்டோலிப் போன்ற பெரிய தளங்கள் வெவ்வேறு நாடுகளில் இயங்குகின்றன. உங்கள் இணையதளத்திலேயே ஒட்டிக்கொள்ளும் சிறிய புக்கிங் சாஃப்ட்வேர்களும் உண்டு. கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கட்டணம் மாதத்துக்கா, ஒவ்வொரு புக்கிங்குக்குமா? விலகினால் நோயாளிப் பட்டியலை ஃபைலாக எடுத்துக்கொள்ள முடியுமா? ரிவ்யூவை யார் வேண்டுமானாலும் எழுதலாமா, அந்தத் தளத்தில் புக் செய்து வந்தவர்கள் மட்டுமா? உங்கள் பக்கத்திலேயே பிற டாக்டர்களின் விளம்பரத்தைக் காட்டுவார்களா?

அதிகமாக நடக்கும் தவறு டபுள் புக்கிங், அதாவது ஒரே ஸ்லாட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவது. தளத்தில் ஒரு காலண்டர், ரிசப்ஷனில் ஒரு நோட்டு என்று இருந்தால் அது நடந்தே தீரும். ஒரு காலண்டரை லிங்க் மூலம் இன்னொன்றில் இணைப்பதும் முழுத் தீர்வு ஆகாது. அப்படிச் சேர்த்த காலண்டர் புதுப்பிக்கப்படச் சில மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் அதே ஸ்லாட்டை இன்னொருவர் எடுத்துவிடுவார். ஃபோனில் கேட்பவருக்கும் நேரில் வருபவருக்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரே காலண்டரில் பதிவு செய்யுங்கள்.

படிவத்தில் பெயர், ஃபோன் எண், வயது, புதியவரா பழையவரா என்பது போதும். நோய் விவரத்தை விரிவாக எழுத இடம் கொடுக்க வேண்டாம். தேவையில்லாமல் சேர்த்த விவரத்தையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

திறப்பதற்கு முன் உங்கள் கணக்கில் நுழையாத ஒரு ஃபோனிலிருந்து நீங்களே புக் செய்து, நேரத்தை மாற்றி, ரத்தும் செய்து பாருங்கள். சாஃப்ட்வேரில் நேர மண்டலம் தவறாக இருந்தால் காலை ஸ்லாட் நள்ளிரவில் போய் நிற்கும். அது இந்தச் சோதனையில்தான் தெரியவரும்.

4. நினைவூட்டல்

24 மணி நேரத்துக்கு முன் ஒன்று, 2 மணி நேரத்துக்கு முன் ஒன்று. இரண்டிலும் ரத்து செய்யும் லிங்க் இருக்கட்டும். ரத்து எளிதாக இருந்தால் சொல்லாமல் வராமல் போகிறவர்கள் குறைவார்கள், அந்த ஸ்லாட்டும் இன்னொருவருக்குக் கிடைக்கும். செய்தியில் நோயின் பெயரோ சிகிச்சைப் பிரிவோ வரக்கூடாது. பூட்டியிருக்கும் ஃபோன் திரையில் அது பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் படும்.

5. இப்போது ரிவ்யூ கேளுங்கள்

புது முறை ஒரு மாதம் ஓடி, காத்திருப்பு குறைந்ததைத் தாளில் பார்த்த பிறகு தொடங்குங்கள். கூகுள் பிசினஸ் பக்கத்தில் ரிவ்யூ லிங்க்கும் கியூஆர் கோடும் கிடைக்கும். வந்துபோன அன்று மாலையே இப்படி ஒரு செய்தி போதும்:

"இன்றைய வருகை எப்படி இருந்தது என்று இங்கே எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். நிறை, குறை எதுவானாலும் எழுதலாம்."

எல்லோருக்கும் அனுப்புங்கள். முதலில் திருப்தியா என்று கேட்டு, திருப்தி என்றவர்களுக்கு மட்டும் லிங்க் தருவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. தள்ளுபடி, பரிசு தருவதற்கும், ஊழியர்களும் உறவினர்களும் எழுதுவதற்கும் அதே தடைதான். கிளினிக்கின் டேப்லெட்டை நீட்டி அங்கேயே எழுதச் சொல்லாதீர்கள். ஒரே சாதனத்திலிருந்து வரும் ரிவ்யூக்கள் போலி என்று நீக்கப்படலாம், கண்ணெதிரே நிற்பவரிடம் யாரும் மனதில் பட்டதை எழுதவும் மாட்டார்கள். ஒரு விதிவிலக்கு: யெல்ப் தளம் ரிவ்யூ கேட்பதையே விரும்புவதில்லை. அங்கே கேட்காமல் விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், 5 ரிவ்யூ, ஐந்தும் 5 ஸ்டார் என்று இருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு 1 ஸ்டார் விழுந்தால் சராசரி 4.3. அதைச் சரியாக 4.8-க்குக் கொண்டுவர இன்னும் 14 ஐந்து ஸ்டார்கள் வேண்டும். 4.8 சராசரியில் 100 ரிவ்யூ இருக்கும் பக்கத்தில் அதே 1 ஸ்டார் விழுந்தால் வெளியே தெரியும் எண் மாறாது.

6. பதில் எழுதுதல்

எழுதியவர் உங்கள் நோயாளி என்று ஒப்புக்கொள்வதே மருத்துவ ரகசியத்தை உடைப்பதாகலாம். அமெரிக்காவில் 2019-இல் ஒரு பல் மருத்துவமனை, ரிவ்யூவுக்கான பதிலில் நோயாளியின் விவரங்களை எழுதியதற்காக 10,000 டாலர் செலுத்த நேர்ந்தது.

"ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதக்கூடாத பதில்: "செவ்வாய்க்கிழமை தோல் அலர்ஜிக்கு வந்த நீங்கள்தான் அரை மணி நேரம் தாமதமாக வந்தீர்கள்." அது உண்மையாகவே இருந்தாலும் எழுதக்கூடாது. எழுத வேண்டியது:

"கருத்துக்கு நன்றி. குறித்த நேரத்தில் அழைப்பதையே எங்கள் கிளினிக்கில் முறையாக வைத்திருக்கிறோம், அது தவறினால் தெரிந்துகொள்ள விரும்புகிறோம். தனிப்பட்ட விவரங்களை இங்கே பேச இயலாது. கிளினிக் எண்ணில் மேலாளரை அழையுங்கள்."

இரண்டு நாளுக்குள் எழுதுங்கள், ஆனால் படித்த கோபத்தோடு எழுத வேண்டாம். வசைச்சொல், வேறொரு கிளினிக்கைப் பற்றிய ரிவ்யூ, விளம்பரம் போன்ற விதிமீறல்களைப் புகார் செய்யலாம். உங்களுக்கு உடன்பாடில்லை என்பதற்காக மட்டும் கூகுள் எதையும் நீக்காது.

7. வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்

காத்திருப்பு, ஃபோன், ரிசப்ஷன், பில், சிகிச்சை என்று ஐந்து பத்தி போட்டு, வந்த ஒவ்வொரு குறைக்கும் ஒரு கோடு போடுங்கள். சிகிச்சைப் பத்தியில் விழுவதை டாக்டர் அன்றே படிக்க வேண்டும். காத்திருப்புப் பத்தியில் கோடு கூடினால் 2-வது படிக்குத் திரும்பி, இன்னொரு வாரம் தாளில் நேரம் குறியுங்கள். புதிதாக ஒரு டாக்டர் சேர்ந்திருந்தால் அவருடைய சராசரியைத் தனியாக அளந்து, அவருக்கு வேறு ஸ்லாட் நீளம் கொடுங்கள்.