கறுப்பு டி-சர்ட்டில் நேரடி அச்சு: செய்முறையும் செலவுக் கணக்கும்

வெள்ளை டி-சர்ட்டில் அச்சிடுவதற்கும் கறுப்பு டி-சர்ட்டில் அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாடு துணியின் நிறம் மட்டுமன்று. வண்ண மைகள் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை என்பதால் கறுப்புத் துணியின்மேல் அவை கண்ணுக்கே தெரியாது. ஆகவே துணியின்மேல் நேரடியாக மையைத் தெளித்து அச்சிடும் இயந்திரம் முதலில் படத்தின் உருவத்தை வெள்ளை மையால் அடித்து, அந்த வெள்ளைத் தளத்தின்மேல் வண்ணங்களை இடுகிறது. செலவும் தொல்லையும் பெரும்பாலும் அந்த வெள்ளையிலிருந்தே வருகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வீட்டுக் காரேஜில் ஓர் இயந்திரத்தை வைத்து நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, 1860-இல் ட்ரூரோ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை டர்பனுக்குக் கொண்டுவந்த நாளான நவம்பர் 16-க்கு நம்மவர் பலரும் கேட்கும் படத்தையே கொள்வோம்: ஒரு கப்பல், அதன் கீழே ‘ட்ரூரோ 1860’ என்ற எழுத்து.

துணி

நூறு விழுக்காடு பருத்தியே வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் எடையுள்ள, சீவிய நூலால் பின்னிய டி-சர்ட் தொடக்கத்திற்குப் போதும். பாலியெஸ்டர் கலந்த துணியில் சூடு பட்டவுடன் துணியின் சாயம் மேலேறி வெள்ளை மையில் கலந்துவிடும். சிவப்புத் துணியானால் வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாகிவிடும்.

படம்

படத்தைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக, அச்சிடும் அளவிலேயே, அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற தெளிவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கறுப்பாக உள்ள பகுதிகளை நீக்கிவிட்டு, அங்கே துணியின் கறுப்பே தெரியும்படி விடுங்கள். கப்பலின் அடிப்பகுதி, இரவு வானம், எழுத்தின் நிழல் ஆகியவற்றை மையால் நிரப்பினால், வெள்ளையை அடித்து அதைக் கறுப்பு மையால் மூடும் வீண் வேலையாகும். துணியும் அட்டை போல் விறைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அச்சு மென்பொருள்கள் சில, தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கோக்காமல் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடும். எனவே எழுத்தைப் படமாகவே மாற்றி அனுப்புங்கள். இரண்டாவது எச்சரிக்கை எனக்குப் பணச்செலவோடு கிடைத்தது. வெள்ளைத் தளம் வண்ணத்தின் ஓரத்தில் எட்டிப்பார்க்காமலிருக்க, மென்பொருளில் அதை இரண்டு மூன்று பிக்சல் அளவு உள்ளே சுருக்குவார்கள். ஒரு காவடிக் குழுவிற்காக மஞ்சள் நிறத்தில் ‘வேல் வேல்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டபோது, நான் வைத்திருந்த சுருக்கத்தில் ‘ல்’ எழுத்தின் புள்ளிகளுக்கு அடியிலிருந்த வெள்ளை முழுவதும் மறைந்துபோக, மஞ்சள் புள்ளி கறுப்புத் துணியில் கரைந்து, 12 சட்டைகளும் ‘வேல வேல’ என்று வந்தன. அன்றுமுதல், புள்ளியின் விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்குவேன், அல்லது சுருக்கத்தைப் பூச்சியமாக்குவேன்.

முன்பூச்சு

வெள்ளை மை துணிக்குள் இறங்கிவிடாமல் மேலேயே கெட்டிப்பட்டு நிற்பதற்காக, அச்சிடும் பகுதியில் உப்புக் கரைசல் ஒன்றைத் தெளிக்கிறோம். இதுதான் முன்பூச்சு. டர்பனின் கோடையில் துணி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும் என்பதால், முதலில் ஹீட் பிரஸ்ஸில் (சூடான தட்டால் அழுத்தும் கருவியில்) ஐந்து விநாடி அழுத்தி உலர்த்துங்கள். பிறகு சட்டையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, மார்பளவுப் படத்திற்கு 15 முதல் 25 கிராம் வரை சமமாகத் தெளித்து, மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் வெள்ளை மங்கி, துணியின் கறுப்பு தெரியும். மிகுந்தால் கறையாகத் தங்கும், துவைக்கும்போது மை உரியும். கைத்தெளிப்பானால் செய்பவருக்குத் தராசைவிட நல்ல ஆசான் இல்லை.

தெளித்த இடத்தை மென்மையான உருளையால் ஒருமுறை நீவிவிட்டு, பார்ச்மென்ட் தாளை மூடி, 165 டிகிரி செல்சியஸில் 35 முதல் 45 விநாடி அழுத்துங்கள். தாளைத் தூக்கும்போது ஆவி எழுந்தால் இன்னும் உலரவில்லை என்று பொருள். உலர்வதோடு, நிமிர்ந்து நிற்கும் நூலிழைகளும் இந்த அழுத்தத்தில் படிந்துவிடுவதால், அவை மை தெளிக்கும் பகுதியான பிரிண்ட் ஹெட்டில் உரசமாட்டா. இந்த உப்பு உலோகத்தை அரிக்கும்; தெளிக்கும் வேலையை இயந்திரத்தின் அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அச்சு

காலையில் முதல் வேலை வெள்ளை மையைக் குலுக்குவது. அதன் வெண்மைக்குக் காரணமான டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது. இரவெல்லாம் சும்மா நின்றால் அடியில் தங்கிவிடும். பின்னர், மை வெளிவரும் நுண்துளைகளான நாசில்களுக்குச் சோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டு எடுத்து, கோடுகள் விட்டுப்போகவில்லை என்று பார்த்த பிறகே சட்டையைப் பலகையில் ஏற்றுங்கள். சட்டையை இழுத்து மாட்டாதீர்கள். இழுத்து மாட்டிய சட்டையில் அச்சிட்ட வட்டம், கழற்றியதும் முட்டையாகிவிடும். தையல் விளிம்புகள் பலகைக்கு வெளியே இருக்க வேண்டும்.

டர்பனில் ஈரத்தோடு போராடுகிறோம் என்றால், ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் குளிர்கால வறட்சியோடு போராடுகிறார்கள். அறையின் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நாசிலில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும்; அங்கே ஓர் ஈரப்பதமூட்டி இன்றியமையாதது. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நான் கற்றது வேறொன்று: இன்வெர்ட்டரின் ஆற்றலை ஹீட் பிரஸ்ஸுக்குச் செலவிடாதீர்கள், அது ஏறக்குறைய இரண்டு கிலோவாட் விழுங்கும், வெள்ளை மையைச் சுழற்றும் பம்பு நிற்காமலிருக்கவே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் பதித்தல்

அச்சு முடிந்த சட்டையைத் தொடாமல் எடுத்து, ஹீட் பிரஸ்ஸின் தட்டை ஒரு நிமிடம் சட்டைக்கு மேலே தொங்கவிட்டு ஈரத்தைப் போக்கியபின், 160 முதல் 170 டிகிரியில் மென்மையாக அழுத்துங்கள். நேரம் மைக்கு மை மாறும், ஒன்றரை நிமிடம் முதல் மூன்றரை நிமிடம் வரை. மைக் குப்பியோடு வரும் தாள் சொல்வதே சரி. மாதிரிச் சட்டை ஒன்றை ஐந்து முறை துவைத்துப் பார்க்காமல் யாருக்கும் விற்காதீர்கள்.

செலவு

கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; உங்கள் விலைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டை 70 ராண்ட். முன்பூச்சு 20 கிராம், கிராமுக்கு 18 சென்ட் என்றால் 3.60. வெள்ளை மை 7 மில்லிலிட்டர், 4.50 வீதம் 31.50. வண்ண மை 2 மில்லிலிட்டர், 4 வீதம் 8. மின்சாரமும் தாளும் 3. வெள்ளை மை 31.50 ராண்டாக இருக்க, வண்ணங்கள் எல்லாம் சேர்ந்தே 8 ராண்ட்தான் என்பதைக் கவனியுங்கள். படத்திலிருந்து கறுப்பை நீக்கி வெள்ளையை 4 மில்லிலிட்டராகக் குறைத்தால், சட்டைக்கு 13.50 மிச்சம்.

தொடக்கநிலையினர் மறப்பது இதற்குப் பின் வருவதைத்தான். நீங்கள் அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் இயந்திரம் தன்னைத் தானே கழுவிக்கொண்டு மையைக் குடிக்கும். அதற்கு மாதம் 1,200 ராண்ட் என்று வைப்போம். இயந்திரத்தின் விலை 2,40,000 ராண்ட், ஆயுள் நான்கு ஆண்டு என்றால் மாதத்திற்கு 5,000. கெட்டுப்போகும் சட்டைகளுக்காக, இயந்திர விலையும் கூலியும் நீங்கலான செலவில் ஐந்து விழுக்காடு. உங்கள் உழைப்புக்குச் சட்டைக்கு 15 ராண்ட். மாதம் 100 சட்டை அச்சிட்டால் ஒரு சட்டையின் அடக்கவிலை ஏறக்குறைய 200 ராண்ட். அதே இயந்திரத்தில் மாதம் 20 சட்டை மட்டும் அச்சிட்டால் ஒன்றுக்கு 450 ராண்ட் ஆகிறது! மையின் விலை மாறவில்லை. சும்மா நிற்கும் நாட்களின் செலவு அந்த 20 சட்டைகளின் தலையில் விழுகிறது.

எனவே, மாதம் 40 சட்டைக்குக்கூட வேலை உறுதியில்லாதவர், இயந்திரம் வைத்திருப்பவரிடம் அச்சிட்டு வாங்கி விற்பதே நல்லது. ஒரே நிறத்தில் 100 சட்டை கேட்டு வருபவரையும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் அனுப்பிவிடுங்கள். அங்கே அவருக்கு மலிவு, உங்களுக்கும் தலைவலி இல்லை. நேரடி அச்சுக்கு ஏற்றவை, பல வண்ணப் படத்தோடு 1 முதல் 20 சட்டை வரை கேட்கும் வேலைகளே: மறைந்த தாத்தாவின் புகைப்படம், குடும்பச் சந்திப்பு, சிறிய காவடிக் குழு.

நமது ஊரில் வேலை தைப்பூசத்தில் குவியும், பங்குனி உத்திரத்தில் மீண்டும் வரும், பிறகு நவம்பர் வரை இளைக்கும். அந்த இடைவெளியிலும் இரண்டு நாளுக்கொருமுறை, பழைய துணியிலாவது உள்ளங்கை அளவு வெள்ளைக் கட்டம் ஒன்றை அச்சிட்டுவிடுங்கள். அதற்குப் போவது சில ராண்ட் மைதான். வெள்ளை மை உறைந்து அடைத்த பிரிண்ட் ஹெட்டை மாற்றப் புறப்பட்டால் ஒரு தைப்பூச வருமானமே போய்விடும்.