மருந்து ஒத்துக்கொள்ளாத பிறகும் அடங்காத தடிப்பு, காய்ச்சல்: காரணம் தேடுவது எப்படி

ஏதோ ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்து மூன்று வாரம் ஆகியும் மூட்டு வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது என்று தொடர்ந்தால், லேபுக்கு ஓடும் முன் அந்த மாத்திரையின் பெயரைக் கண்டுபிடியுங்கள். நம் பக்கம் மெடிக்கலில் "மூணு வேளைக்குக் குடுங்க" என்றால் அட்டையை வெட்டிக் கவரில் கலந்து போட்டுவிடுவார்கள். பெயர் அச்சடித்த துண்டு கடையிலேயே தங்கிவிடும். மீதி மாத்திரையோடு அதே கடைக்குப் போய் மூலப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), மில்லிகிராம், பேட்ச் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது. பேதிக்குத் தரும் ஒரே மாத்திரையில் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்திருக்கும்.

அடுத்து ஒரு தாளில் எட்டு வாரம் பின்னோக்கித் தேதி போடுங்கள். "5ஆம் தேதி காலை முதல் மாத்திரை, 14 சாயங்காலம் தொடையில் தடிப்பு, 15 காய்ச்சல் 101" என்கிற அளவுக்கு இருந்தால் போதும். ஊசி, லேகியம், சூரணம், தலைச்சாயம் எதையும் விடாதீர்கள். பாளையங்கோட்டைச் சித்த மருத்துவமனையில் வாங்கிய கஷாயத்தை இங்கிலீஷ் டாக்டரிடம் மறைப்பவர்கள் நிறைய; மறைத்தால் கணக்கு தப்பும்.

தேதிதான் பாதி விடை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடித்தால் உடனடி ஒவ்வாமை. ஒன்றிரண்டு வாரத்தில் தடிப்போடு மூட்டு வலியும் காய்ச்சலும் வருவது வேறு வகை. வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடாயின், யூரிக் அமிலத்துக்கான அலோபூரினால் போன்றவை தொடங்கி 2 முதல் 8 வாரத்தில் முகம் வீங்கி, காய்ச்சலும் நெறியும் வந்தால் 'டிரெஸ்' (DRESS: மருந்தால் தோலோடு உள்ளுறுப்புகளும் கெடும் கடுமையான ஒவ்வாமை) என்று சந்தேகிப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருந்திட்டு விழுந்தால் அதுவும் மருந்தின் வேலைதான்.

தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். சுவடில்லாமல் மறைந்திருந்தால் சாதாரணக் காணாக்கடி வகை. வட்டத்துக்குள்ளேயே நின்று, கன்றிய நிறம் தங்கினால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள்.

ரத்தத்தில் முதலில் பார்க்க வேண்டியவை சில்லறைச் செலவில் முடியும்: முழு ரத்த எண்ணிக்கை, இயோசினோபில் என்ற, ஒவ்வாமையில் கூடும் வெள்ளை அணுவின் மொத்த எண்ணிக்கை (500க்குள் இருந்தால் சரி), கல்லீரல், கிரியாட்டினின், சிறுநீர். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் இயோசினோபில் இறங்கிவிடும், சோதனை ஏமாற்றும். ஆகவே முடிந்தால் ஊசிக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. உடம்பு தன்னையே தாக்கும் நோயைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனை, மூட்டு வீக்கமோ சிறுநீரில் புரதமோ இருந்தால்தான் பயன். நல்ல உடம்புக்காரருக்கும் லேசாகப் பாசிட்டிவ் வரும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் உணவு 'அலர்ஜி பேனல்' மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் விட்டதுதான் மிச்சம். டிரெஸ் என்று உறுதியானால் குணமான பிறகும் சில மாத இடைவெளியில் தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இரண்டும் பிந்திக் கெடலாம்.

எந்த மருந்து என்று அறியத் தோலில் மருந்தை வைத்துப் பார்க்கும் சோதனை என்றால் எதிர்வினை அடங்கி நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைக் கேட்டு, அரிப்புக்குப் போடும் செட்டிரிசினை நிறுத்துங்கள். "அரை மாத்திரை போட்டுப் பாப்போம்" என்ற வீட்டுச் சோதனை உயிரோடு விளையாட்டு.

கண் சிவந்து, வாய் வெந்து, தோல் உரிந்தாலோ, முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ 108. மற்றபடி திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குத் தாளோடு போங்கள். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே பதியலாம். தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது.

மருந்து எதுவென்று தெரிந்ததும் மூலப்பெயர், தேதி, என்ன ஆனது என்று ஒரு அட்டையில் எழுதி ஆதார் கவருக்குள் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.