நானோ துகள் செய்தி வந்தால் முதலில் செய்ய வேண்டியது

மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்துவிடும். "நானோ துகள் மரபணு சிகிச்சை, இழந்த பார்வை திரும்புகிறது!" நானோ துகள் என்றால் மரபணுவைக் கண்ணுக்குள் சுமந்து போகும் மிக நுண்ணிய துகள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் நாத்தனார் அந்தச் செய்திக்குக் கீழே கும்பிடும் கையைப் போடுவார். அப்புறம் எல்லோரும் என்னைக் கேட்பார்கள்: "தம்பிக்கு இது சரிப்படுமா?"

தம்பி என்பது என் மகன். 17 வயது. ஸ்டார்கார்ட் நோய். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே போகும், ஓரப் பார்வை பெரும்பாலும் தங்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் தெருவில் பந்து பிடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வான். பையன்கள் "கோழிப் பார்வை" என்பார்கள். ஒரு கடையில் இரண்டு வருடம் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எந்த மரபணு என்று தெரிந்துகொள்வது. பரம்பரை விழித்திரை நோய்களுக்கு 250க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். பெயர் தெரியாமல் செய்தி படிப்பது, எந்த ஊர் வண்டி என்று பார்க்காமல் ஏறி உட்காருவது மாதிரி. விழித்திரை மருத்துவரிடம் மரபணு ஆலோசகருக்குக் கடிதம் கேளுங்கள். ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். என் மகனுக்கு வந்த பதில் ஏபிசிஏ4 என்ற மரபணு. இது அப்பாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோயாகும். அதனால் பெற்றோர் இருவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு பழுதும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தால் மற்றப் பிரதி நல்லதாக இருக்கும், கதையே வேறு.

ஆலோசகரைப் பார்க்கப் போகுமுன் குடும்ப மரம் வரைந்துகொண்டு போங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. என் கணவர் எனக்கு அத்தை மகன். நடுவில் எங்கள் இரட்டைக் கோடு பளிச்சென்று நிற்கிறது. அதைப் பார்த்து யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். இந்தப் பழுதைச் சுமப்பவர்கள் உலகில் நிறையப் பேர். முன்பின் தெரியாத இருவர் கட்டிக்கொண்டாலும் இது வருகிறது.

மரம் வரைவதில் ஒரு சூட்சுமம் உண்டு. "நம் குடும்பத்தில் யாருக்காவது கண் தெரியாதா?" என்று கேட்டால் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, "ஐயையோ, இல்லவே இல்லை" என்பார். கேள்வியை மாற்றினேன். "பஸ் நம்பரை யாரிடமாவது கேட்டுக் கேட்டு ஏறியவர் உண்டா? தெருவில் எதிரே வந்தவரை அடையாளம் தெரியாமல் போனவர்?" ஆயா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். டர்பனின் மேகசீன் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்த அவருடைய சித்தப்பா, செய்தித்தாளைக் காதுப் பக்கம் பிடித்துக்கொண்டு படிப்பாராம். "அவருக்குத் திமிர், எதிரே வந்தால் முகம் கொடுக்கமாட்டார்" என்று குடும்பமே அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என் காகிதத்தில் அவருக்கு ஒரு சதுரம், உள்ளே பென்சிலால் கறுப்பு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இப்போது செய்திக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது மரபணுவின் பெயரும் அதன் அளவும். 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை ஆர்பிஇ65 என்ற மரபணுவுக்கு மட்டும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அப்போது விலை 8,50,000 டாலர். அது ஏஏவி என்ற சாதுவான வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி விழித்திரைக்கு அடியில் ஊசி போடுவது. அந்த வைரஸ் நம் ஊர் டாக்ஸி மாதிரி, இத்தனை பேர்தான் ஏறலாம். ஏறக்குறைய 4,700 டிஎன்ஏ எழுத்துகள் கொள்ளும். ஆர்பிஇ65 சுமார் 1,600தான், சௌகரியமாக உட்கார்ந்துவிடும். ஏபிசிஏ4 6,800ஐத் தாண்டுகிறது. கதவு மூடாது.

நானோ துகளின் மேல் எங்களுக்கு ஆசை வருவது இதனால்தான். அதற்கு இவ்வளவு கறாரான அளவு இல்லை. 2012இல் டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டி நானோ துகளாக்கி, ஸ்டார்கார்ட் உள்ள எலிகளின் கண்ணில் ஏபிசிஏ4ஐக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பலன் கண்டார்கள். இன்னொரு வகை கொழுப்புத் துகள், கோவிட் தடுப்பூசியில் நமக்குப் போட்டதே அந்த ஜாதிதான். ஆனால் அது கண்ணுக்குள் போனால் பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலத்திலேயே நின்றுவிடுகிறது. ஒளியை வாங்கும் செல்களுக்குள் போவது கஷ்டம். 2023இல் ஆரிகன் ஆய்வாளர்கள் துகளின் மேல் சிறு புரதத் துண்டை ஒட்டி, எலியிலும் குரங்கிலும் அந்தச் செல்களைத் தொட்டார்கள். அதில் ஏற்றி அனுப்பியது எம்ஆர்என்ஏ, அதாவது இந்தப் புரதத்தைச் செய் என்று செல்லுக்குச் சொல்லும் தற்காலிகக் குறிப்பு. அது சில நாளில் கரைந்துவிடும். மரபணுவைத் திருத்தும் கத்தரியை உள்ளே அனுப்ப அது போதும். வருடக்கணக்கில் புரதம் சுரக்கப் போதாது.

ஆக, செய்தியில் நான் தேடுவது இவ்வளவுதான்: எலியா, குரங்கா, மனிதரா? எந்த மரபணு? எந்தச் செல் வரை போனது? எத்தனை நாள் நின்றது? நாத்தனாருக்கும் இதையே அனுப்பிவிட்டேன். இப்போது கும்பிடும் கையோடு "எலி" என்று ஒரு சொல்லும் சேர்த்துப் போடுகிறார்.

"நீங்கள் பணம் கட்டினால் ஆய்வில் சேர்க்கிறோம்" என்றால் போனை வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போட்ட ஓரிடத்தில் மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் வந்தது. ஆய்வுக்குப் பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். அமெரிக்கப் பதிவேட்டு எண் என்றால் என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும்.

வைட்டமின் ஏ மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் என்று யாராவது வாங்கி வந்தால் ஸ்டார்கார்ட் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏபிசிஏ4 பழுதானால் வைட்டமின் ஏயின் கழிவுதான் கண்ணில் சேர்கிறது. மாத்திரை அதைக் கூட்டலாம். காரட்டும் கீரையும் வழக்கம்போல் சாப்பிடலாம். வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், டர்பன் வெயிலுக்கு இது எல்லோருக்குமே நல்லது.

வருடா வருடம் எடுக்கும் விழித்திரைப் படங்களின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். நாளைக்கு ஆய்வுக்கு ஆள் எடுக்கும்போது பார்வை எவ்வளவு வேகமாகத் தேய்ந்தது என்று கேட்பார்கள். ரெட்டினா சவுத் ஆப்பிரிக்கா என்ற நோயாளிகள் அமைப்போடு தொடர்பு வைத்துக்கொள்வதும் நல்லது.

மகளுக்கு 13 வயது, பார்வையில் குறை இல்லை. அவளுக்கு இந்த நோய் இல்லையென்றால், ஒரு பழுதைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. சோதனை செய்வதா என்பதை அவளே பெரியவளாகி முடிவு செய்யட்டும் என்றார் ஆலோசகர். எங்களுக்கும் சரியாகப் பட்டது.

ஒன்று மறந்துவிட்டேன். சோதனை முடிவைக் காகிதத்தில் மட்டும் வாங்காதீர்கள், கோப்பாகவும் கேளுங்கள். எங்களுக்கு வந்தது பொடி எழுத்து. நான் வாசித்துக் காட்டப் போனேன், மகன் வாங்கிக்கொண்டு போய் ஸ்கேன் செய்து, திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல் வருகிற அளவுக்குப் பெரிதாக்கி, முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அவனே படித்தான்.