மலை இறங்குகிற காருக்கு பிரேக் பேட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசம், வால்பாறையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஆழியாறுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். சின்ன கார், உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. கீழே வந்து சேர 40 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டும்போதே சாக்கு கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது, முன்னால் போகிற லாரியுடையது என்று நினைத்துக்கொண்டேன். கீழே இருந்து எண்ணினால் பன்னிரண்டாவது வளைவுக்கு வரும்போது பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. செகண்ட், அப்புறம் ஃபர்ஸ்ட் என்று கியரைக் குறைத்து, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒன்பதாவது வளைவில் இருக்கிற லோம்ஸ் வியூ பாயின்டில் ஓரங்கட்டினேன். பின்சீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, பேத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் பேட் மாற்றியிருந்தேன். ஒரு கடையில் மற்றதைவிடப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள், நானும் எதையும் பார்க்காமல் வாங்கி மாட்டிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினோம். மெக்கானிக் தம்பி பேடை எடுத்து என் கையில் கொடுத்தான். உரசுகிற முகம் கருப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, நகத்தால் கீறினால் வழுக்கியது. ஓரத்தில் கம்பெனிப் பேரும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. "ஏனுங்ணா, இத எங்க வாங்குனீங்? டவுனுக்குள்ள புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்றதுக்குத் தாங்கும்ங்ணா, மலை எறங்கறதுக்கு ஆகாதுங்" என்றான்.

அவன் சொன்னதுதான் விஷயமே. பேட் வாங்கும்போது எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் பின்னால். உங்கள் வண்டி எந்த ரோட்டில், எவ்வளவு பாரத்தோடு இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற வேலை. நீங்கள் மிதிக்கிறீர்கள், ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் இரண்டு பேடையும் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கின் மேல் நசுக்குகிறது, வண்டியின் வேகம் முழுக்க அங்கே சூடாகிறது. அவிநாசி ரோட்டில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில் அந்தச் சூடு ஆறிவிடும். வால்பாறையில் இருந்தோ, திம்பத்தின் 27 வளைவிலோ, கொல்லிமலையின் 70 வளைவிலோ இறங்கும்போது ஆறுவதற்கு நேரமே கிடையாது. ஒவ்வொரு பேடுக்கும் தாங்குகிற சூடு என்று ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டினால் பிடிமானம் போய்விடும்.

இதிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் கோளாறு பேடில். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற ரகத்துப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அதனால் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் பேடோடு ஒட்டுக்கா அதையும் மாற்றிவிடுங்கள். எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டாம்.

சரி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? டார்ச் அடித்து சக்கரத்துக் கம்பி இடுக்கு வழியாகப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கிற உரசும் பொருள் புதுசில் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஒரு ரூபாய்க் காசு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட அந்தக் கனம். வெளியே தெரிகிற பேடை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்பக்கத்துப் பேட் பெரும்பாலும் அதற்கு முன்னாடியே தேய்ந்திருக்கும். மிதிக்கும்போது கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் பேடோடு இருக்கிற எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே கழற்றிப் பாருங்கள். கரகரவென்று இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தம் வந்துவிட்டால் பேடோடு டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு.

கடைக்குப் போகும்போது ஆர்சி புக்கைக் கொண்டு போங்கள். காரின் பேரும் வருஷமும் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் ஒரே மாடலில், ஒரே வருஷத்தில்கூட இரண்டு வேறு கம்பெனி காலிப்பர் (பேடையும் பிஸ்டனையும் தாங்குகிற பாகம்) மாட்டி வருவது உண்டு, அதற்கு பேட் வடிவமே வேறு. சேசிஸ் நம்பரைச் சொன்னால் சரியான பார்ட் நம்பரை எடுத்துவிடலாம். அதைவிட நல்லது, பழைய பேடைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் ஒரு பேப்பரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற முனை, எச்சரிக்கைத் தகடு இருக்கிற பக்கம், தகட்டின் கனம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். "கொஞ்சம் ராவிப் போட்டா ஒக்காந்துக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த செட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது ரகம். கடையில் மூன்று பெயர்கள் அடிபடும்: ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக். ஆர்கானிக் மெத்தென்று இருக்கும், சத்தம் இல்லை, டிஸ்க்கைத் தின்னாது, காலையில் எடுத்த எடுப்பிலேயே நன்றாகப் பிடிக்கும். ஜப்பான், கொரியா கம்பெனிகளின் கார்களில் பெரும்பாலும் இந்த ரகம்தான் வருகிறது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ டவுனுக்குள் ஓட்டுகிறவர், வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டி போகிறவர் வேறு எதையும் தேட வேண்டாம், கம்பெனி கொடுத்த ரகத்தையே நல்ல பேரில் வாங்கினால் போதும். செமி மெட்டாலிக்கில் இரும்பு, செம்பு மாதிரியான உலோகத் தூளும் நாரும் நிறைய கலந்திருக்கும். சூட்டைத் தாங்கும், இறக்கத்தில் பிடிமானம் சட்டென்று விடாது, ஆனால் சத்தம் கொஞ்சம் வரும், சக்கரமெல்லாம் கருப்புத் தூசி படியும், டிஸ்க்கும் சீக்கிரம் தேயும். ஐரோப்பியக் கார்களின் முன் சக்கரம் எப்போதும் கருத்துப் போய் இருக்கிறதே, அது உலோகம் கலந்த பேடின் தூசிதான். செராமிக் விலை அதிகம், சத்தமும் தூசியும் குறைவு, நாளும் நிற்கும். சுத்தமாக வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு நல்லது, ஆனால் விலை அதிகம் என்பதாலேயே மலைக்கும் அதுதான் ஒசத்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கணக்கு இது. பொள்ளாச்சி, உடுமலை, சத்தி, மேட்டுப்பாளையம் என்று மலையடிவாரத்தில் இருந்துகொண்டு மாசம் ஒருமுறையாவது ஆள் நிறைய ஏற்றி மலை இறங்குகிறவர், வாரம் தவறாமல் தேங்காய் மூட்டையோ தீவனமோ டிக்கியில் போடுகிறவர், உங்கள் காருக்கு நல்ல கம்பெனியின் செமி மெட்டாலிக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சத்தத்தையும் தூசியையும் பொறுத்துக்கொள்ளலாம். நான் இப்போது போட்டிருப்பது அதுதான், அதன் பிறகு பலமுறை வால்பாறை இறங்கிவிட்டேன், அந்த வாடை வரவில்லை.

பேடைக் கையில் வாங்கியதும் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அச்சடித்திருக்கிற வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், எஃப் எஃப், ஜி எஃப் என்கிற மாதிரி. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு உள்ள பிடிமானம். பிடிமானத்தை எண்ணில் சொன்னால் (எண் கூடினால் பிடிமானம் கூடுதல்) இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. மலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தை. எஃப் இ என்று போட்டிருந்தால் சூடானதும் பிடிமானம் இறங்கும் என்று அந்த பேடே சொல்லிவிடுகிறது. இந்த எழுத்து எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைச் சொல்லாது, தரத்துக்கான முத்திரையும் இல்லை, ஆனால் எழுத்தே இல்லாத பேடை நான் இனி தொடமாட்டேன். வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் பக்கத்தில் 90ஆர் என்றும் இருந்தால் இன்னும் நிம்மதி, அது ஐரோப்பிய விதிப்படி ஒரிஜினல் பேடோடு ஒப்பிட்டுச் சோதித்தது என்பதற்கான அடையாளம்.

கம்பெனி என்று பார்த்தால் கார்க் கம்பெனியின் சொந்த ஸ்பேர்ஸ், இல்லையென்றால் ரானே, டிவிஎஸ் கிர்லிங், பாஷ், பிரெம்போ மாதிரி தெரிந்த பேர் போதும். பெரிய பேர்களுக்குத்தான் போலியும் வருகிறது, அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். டப்பாவில் இருக்கிற நம்பரும் பேடின் முதுகில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பாருங்கள், தகட்டுக்கும் உரசும் பொருளுக்கும் நடுவில் நகம் நுழைகிற இடுக்கு இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

முன் சக்கரம் என்றால் இடது வலது இரண்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் சின்ன கார்களில் பெரும்பாலும் டிரம்தான், அதற்கு ஷூ, அது வேறு சோலி.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். கழற்றிய நாலு பேடையும் வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரே சக்கரத்தில் ஒன்று கனமாகவும் ஒன்று காகிதம் மாதிரியும் இருந்தால் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (ஸ்லைடு பின்) இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை, அதைச் சரி செய்யாமல் புதுசு போட்டாலும் அதே கதைதான். அந்தக் கம்பிக்கு பிரேக்குக்கென்று வருகிற சிலிகான் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது நுரையீரலுக்குப் போகும், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஆழமாகக் கோடு தட்டினால் லேத்தில் கொடுத்து ஓட்ட வேண்டும். கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமா என்ன? ஆனால் டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும், ஓட்டிய பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் புது டிஸ்க்தான்.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியான பிறகுதான் நகர வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரையைத் தொடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூட்டமில்லாத ஒரு ரோட்டுக்குப் போய், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 20 வரை அழுத்திக் குறையுங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம், அரை கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும், இப்படிப் பத்துத் தடவை. கொஞ்சம் வாடை வரும், பரவாயில்லை. முடிந்ததும் பிரேக்கை மிதித்தபடி நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆறவையுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிவதற்குத்தான் இவ்வளவும். முதல் 300 கிலோமீட்டருக்கு மலைப்பக்கம் போகாதீர்கள்.

டப்பாவின் மேல் மாற்றிய தேதியையும் மீட்டரில் இருக்கிற கிலோமீட்டரையும் பேனாவால் எழுதி, பில்லை உள்ளே மடித்து வைத்து, டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் கேட்கிற பார்ட் நம்பர் அதில் இருக்கும்.